ஆமி வந்தது, ஆம்புலன்சும் வந்தது

பக்கத்து நாட்டில் ஏதாவது நடந்துவிட்டால் போதும், நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் தளபதிகள் முளைத்துவிடுவார்கள். 2024ல் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபோது எங்கள் சித்தப்பா ஒருவர், "நாலு நாள் வேலை, ராணுவத்தை அனுப்பி முடிச்சு விட வேண்டியதுதானே" என்று எழுதினார், கீழே பத்துப் பன்னிரண்டு கட்டை விரல்கள். மாலத்தீவுச் சண்டை நடந்தபோதும் இதே வசனம்தான். சித்தப்பா நல்ல மனிதர். ஆனால் இந்த வசனத்தைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் சொல்லும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஏனென்றால் அப்படி அனுப்பி என்ன ஆனது என்பது வேறு யாரையும்விட நமக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1987ல் இலங்கைக்கு இந்திய அமைதிப்படையைச் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நினைப்பில்தான் அனுப்பினார்கள். கடைசிச் சிப்பாய் கப்பலேறியது 1990 மார்ச் 24ல். நடுவில் ஏறத்தாழ 80,000 பேர் வரை அந்தத் தீவில் இருந்தார்கள், சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் திரும்பி வரவில்லை, எத்தனை ஆயிரம் தமிழர்கள் செத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

இதைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. அதே இந்தியா, அதே வடக்கு கிழக்கில், அடுத்த தலைமுறையில் வேறு மாதிரி உள்ளே போனது. வீடு கட்டப் பணம் கொடுத்தது, தண்டவாளம் போட்டது, ஆம்புலன்ஸ் கொடுத்தது. ஒரே நாடு, ஒரே இடம், இரண்டு வழிகள். படையை அனுப்புவது நல்லதா, பேச்சும் உதவியும் நல்லதா என்ற விவாதத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஓர் உதாரணம் இருக்கும்போது ஈராக், ஆப்கானிஸ்தான் என்று ஏன் தூரம் போக வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலையீடு 1987ல் தொடங்கவில்லை. இலங்கையில் தமிழர்களைக் கொன்று குவித்த 1983 கறுப்பு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணிலேயே பயிற்சி கொடுத்தார்கள், ஆயுதம் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்கு எதிராக இன்னொரு குழுவை வளர்த்தார்கள். அதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. பேச்சுவார்த்தை ஒரு கையில், துப்பாக்கி மறுகையில் என்று இருந்தால் எதிரில் இருப்பவர் எந்தக் கையைப் பார்ப்பார்?

அப்புறம் 1987 ஜூன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெரிய தாக்குதலில் இறங்கியிருந்த நேரம். ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் படகுகள் கிளம்பின, இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, ஐந்து ஏஎன்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்து வானத்தில் நுழைந்து உணவுப் பொதிகளைப் போட்டுவிட்டு வந்தன. 'பூமாலை' என்று பெயர். கீழே பசியோடு இருந்தவர்களுக்கு அது நிஜமான ஆறுதல், அதை நான் மறுக்கவில்லை. கொழும்புக்கு அது மிரட்டல். இரண்டு மாதத்துக்குள், ஜூலை 29ல், இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கொழும்பில் ஊரடங்கு. மறுநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு நடந்த ராஜீவை ஒரு கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான், அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சிங்களத் தரப்பு எந்த மனநிலையில் கையெழுத்துப் போட்டது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். தமிழ்த் தரப்பு? அவர்கள் கையெழுத்தே போடவில்லை, போடச் சொல்லவும் இல்லை. யாருடைய உரிமைக்காக அந்தத் தாள் எழுதப்பட்டதோ அவர்கள் பெயர் அதில் ஒரு தரப்பாக இல்லை. பிரபாகரனை டெல்லிக்கு அழைத்துப்போய் ஹோட்டலில் வைத்து, இதுதான் ஒப்பந்தம், ஒத்துக்கொள் என்றார்கள்.

இருந்தும் யாழ்ப்பாணத்தில் இந்திய ராணுவத்தை மாலை போட்டு வரவேற்றார்கள். காப்பாற்ற வந்தவர்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை உடைய மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் நல்லூரில் தண்ணீரும் குடிக்காமல் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து பன்னிரண்டாம் நாள் செத்துப்போனார். அக்டோபர் தொடக்கத்தில் பிடிபட்ட புலித் தளபதிகள் பலாலி ராணுவ முகாமில் சயனைடு கடித்தார்கள், அதற்குப் பழியாகக் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைப் புலிகள் கொன்றார்கள். அமைதி காக்கப் போன படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் போரில் இறங்கியது.

அக்டோபர் 11 இரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது, காத்திருந்தார்கள். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள். பஞ்சாபில் ஏதோ கிராமத்திலிருந்து வந்த பையன்கள், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கொக்குவில் எங்கே இருக்கிறது என்று முதல் நாள்வரை கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். அவர்களை மீட்க டாங்கிகள் வந்தன. அந்த வழியில் கொக்குவிலின் பிரம்படிச் சந்துகளில் இருந்த சாதாரண ஜனங்கள் பலர் செத்தார்கள். செத்த சிப்பாய்க்கும் செத்த குடும்பத்துக்கும் நடுவே நடந்துபோகிற தூரம்தான். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் துருப்புகள் சுட்டுக்கொண்டே நுழைந்தன. மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆஸ்பத்திரியிலேயே அஞ்சலி செலுத்துகிறார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் இந்தியத் துருப்புகள் பொதுமக்களைக் கொன்றன. அதை எழுதப்போனால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும்.

தெற்கில் என்ன ஆனது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்திய ராணுவம் தீவில் நிற்கிறது என்பதை முழக்கமாக்கித்தான் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜேவிபியின் இரண்டாவது கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்தது. இந்தியப் பொருட்களை விற்காதே என்று கடைக்காரர்களை மிரட்டினார்கள், மீறியவர்களைக் கொன்றார்கள். அதை அடக்குகிறேன் என்று அரசு கொன்ற சிங்கள இளைஞர்கள் பல்லாயிரம். கடைசியில் அடுத்து வந்த ஜனாதிபதி பிரேமதாசா இந்தியா வெளியேற வேண்டும் என்று தேதி குறித்துச் சொல்லிவிட்டார், அதற்காகப் புலிகளோடு கூட்டும் வைத்தார். யாருக்காகப் போனார்களோ அந்த இரண்டு தரப்பும் சேர்ந்து போ என்று சொல்லும் நிலைக்கு ஒரு படை வந்து நிற்பது சாதாரணச் சாதனை இல்லை. திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கக் கருணாநிதி போகவில்லை. அதற்காக அவரைத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அந்தச் சிப்பாய்கள் மேல் வருத்தம்தான், அவர்கள் கேட்டுப் போகவில்லை. ஆனால் அன்றைய முதல்வர் வேறு எதைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இரண்டாவது வழி.

இலங்கையில் போர் முடிந்த மறு வருடம், 2010ல், இந்தியா அங்கே 50,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தது. முதலில் ஆயிரம் வீடுகளை ஒப்பந்ததாரர் வைத்துக் கட்டினார்கள். அடுத்து வந்த பெரிய பகுதியில் முறையை மாற்றினார்கள், விஷயமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் பணம் நேரடியாக, தவணை தவணையாக. மொத்தம் இலங்கைக் காசில் ஐந்தரை லட்சம். அத்திவாரம் முடிந்ததா, அடுத்த தவணை. சுவர் எழும்பியதா, அடுத்தது. கூரை போட்டாயிற்றா, மிச்சம். மேசனைப் பிடிப்பது, கல் வாங்குவது, சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது, வாசல் எந்தத் திசை, எல்லாம் அவர்கள் முடிவு.

கிளிநொச்சிப் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்கு ஒரு நண்பரோடு போயிருக்கிறேன். முன்பக்கம் பூசி வெளிர்நீலம் அடித்திருந்தது, பின்பக்கச் சுவரில் சீமெந்துக் கல் அப்படியே தெரிந்தது. அந்த வீட்டு அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே கணக்குச் சொன்னார்: "ஐந்தரை லட்சம் காணாது தம்பி. மண் விலை ஏறிப் போச்சு, தோட்டை அடகு வச்சுத்தான் கூரை போட்டனான், இன்னும் மீட்கேல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா விறாந்தை நான் சொன்ன அளவு. மேசன் சின்னதா வைப்பம் எண்டான், நான் விடேல்லை" என்றார். அவர் கடனைப் பற்றிச் சொன்னது அவருடைய கதை மட்டும் இல்லை, பல குடும்பங்கள் பணம் போதாமல் கடனில் விழுந்தன, திட்டத்தின் மேல் வைக்கப்பட்ட முக்கியமான விமர்சனமே அது. குறையை மறைத்து எழுத இது அரசாங்க விளம்பரம் இல்லை. ஆனாலும் அந்த விறாந்தையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த அதிகாரத்தை நான் கவனித்தேன். இந்தியப் படையை 'உங்கட ஆமி' என்றும் இடையில் ஒருமுறை சொன்னார், கோபமாகக்கூட இல்லை, புயல் வருஷத்தைச் சொல்கிற மாதிரி.

இதோடு இன்னொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். சில வருடங்கள் கழித்து இலங்கை அரசு ஒரு பன்னாட்டு எஃகு நிறுவனத்தை வைத்து வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தது. ஒரு வீடு கிட்டத்தட்ட 21 லட்சம் ரூபாய், இந்திய வீட்டைப்போல் நாலு மடங்கு. வன்னி வெயிலில் இரும்பு வீடு! விறகு அடுப்புக்கு ஏற்பாடே இல்லை என்று சனங்கள் கேட்டார்கள், அந்தக் காசில் கல் வீடு கட்டித் தரலாமே என்று பொறியாளர்கள் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்துத் திட்டம் கைவிடப்பட்டது. ஆக, பணம் கொடுப்பது மட்டும் மரியாதை ஆகிவிடாது. அங்கே வாழப்போகிறவரிடம் கேட்டாயா இல்லையா என்பதுதான் கேள்வி. 1987ல் கேட்கவில்லை, இரும்பு வீட்டில் கேட்கவில்லை, இந்திய வீட்டில் ஓரளவு கேட்டார்கள்.

ரயில் அடுத்தது. 1990ல் நின்றுபோன கொழும்பு-யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவி, இந்தியக் கடனில் இந்திய நிறுவனமான இர்கான் போட்டுக் கொடுத்த தண்டவாளத்தில் 2014 அக்டோபர் 13ல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. இருபத்துநாலு வருடம். ரயிலையே பார்க்காமல் வளர்ந்து கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள் இருந்த ஊர் அது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஆம்புலன்ஸ். 2016ல் இந்தியா கொடுத்த மானியத்தில் 88 வண்டிகளோடு இலங்கையின் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கினார்கள். நம் 108 எப்படி இயங்குகிறதோ அதே முறை, அங்கே எண் 1990. இந்தியப் படை கிளம்பிய வருடமும் அதுதான், தற்செயலாக இருக்கும், ஆனாலும் வண்டியின் மேல் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பத்தில் கடும் எதிர்ப்பு. இந்தியா உளவு பார்க்க வழி தேடுகிறது என்றார்கள், இந்தியர்களைக் கொண்டுவந்து குவிப்பார்கள் என்றார்கள். 1987க்குப் பிறகு அப்படிச் சந்தேகப்படுவதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஓட்டுபவர்களும் உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளர்களும் இலங்கைக்காரர்கள், பயிற்சிதான் ஹைதராபாத்தில். 2018ல் வடக்குக்கும் வந்தது, பிறகு நாடு முழுக்க, மொத்தம் 297 வண்டிகள். இன்று ஒரு சிங்களக் கிராமத்தில் நெஞ்சு வலி என்றால் அந்த எண்ணைத்தான் அழுத்துகிறார்கள். எதிர்ப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

2022ஐயும் சொல்ல வேண்டும். இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, பெட்ரோல் வரிசையில் மனிதர்கள் மயங்கி விழுந்து செத்த வருடம். இந்தியா கடனாகவும் நாணயப் பரிமாற்றமாகவும் கொடுத்தது ஏறத்தாழ 400 கோடி டாலர். தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, மருந்து என்று 123 கோடி ரூபாய்க்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டது. முதலில் அது ஈழத்தமிழருக்கான உதவி என்றுதான் யோசிக்கப்பட்டது. தமிழருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்கள் சொன்னார்கள் என ஸ்டாலின் அவையிலேயே சொன்னார். பரஸ்பர மரியாதை என்று மேடையில் பேசுகிறோமே, என்னைப் பொறுத்தவரை அந்தத் தலைவர்கள் சொன்னதுதான் அது. அந்த அரிசி சிங்களர் வாழும் தெற்கிலும் சமைக்கப்பட்டது.

இந்தியாவுக்கு எதிராகக் கொன்றும் செத்தும் வளர்ந்த அதே ஜேவிபியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். முதல் வெளிநாட்டுப் பயணம் டெல்லிக்கு. எல்லாம் அரிசியால் வந்தது என்று சொல்ல மாட்டேன், சீனாக் கணக்கு உண்டு, கடன் கணக்கு உண்டு. ஆனால் 80,000 துருப்புகளால் வாங்க முடியாத ஒன்று அது.

மாலத்தீவு இன்னும் வேடிக்கை. 1988ல் அங்கே ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிப்படையாகப் போனவர்கள் இலங்கைப் போராளிக் குழுவான புளொட் இயக்கத்துத் தமிழர்கள். அதிபர் கயூம் கூப்பிட்டார், இந்தியப் படை போனது, மளமளவென்று வேலை முடிந்தது. ஆகப் படை அனுப்புவதே எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. வங்கதேசத்திலும் 1971 டிசம்பரில் போர் முடிந்து 1972 மார்ச்சில் படை திரும்பிவிட்டது. அங்குள்ளவர்கள் கேட்டார்கள், வேலை என்ன என்பது தெளிவாக இருந்தது, முடிந்ததும் கிளம்பினார்கள். சித்தப்பா ஞாபகத்தில் இருப்பதெல்லாம் இந்த இரண்டும்தான் போலிருக்கிறது. ஆனால் அதே மாலத்தீவில் 2023 அதிபர் தேர்தலில் முய்ஸு, இந்திய ராணுவத்தினரை வெளியேற்றுவேன் என்று சொல்லியே ஜெயித்தார். எத்தனை பேர்? எண்பது சொச்சம்! நாம் கொடுத்த ஹெலிகாப்டரும் டோர்னியர் விமானமும் ஓட்டி, தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவந்தவர்கள். 2024 மே மாதத்துக்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள், இடத்துக்குச் சீருடை இல்லாத இந்தியத் தொழில்நுட்பக்காரர்கள் போனார்கள். விமானம் அதேதான், நோயாளி அதேதான். அக்டோபரில் முய்ஸு டெல்லி வந்து கைகுலுக்கி, நாணய உதவி வாங்கிக்கொண்டு போனார். டெல்லி அன்று முறைத்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றுலாப் புறக்கணிப்பு ஹேஷ்டேக் போட்டவர்கள் முறைக்கத்தான் சொன்னார்கள்.

இப்போது என் வாதத்தில் இருக்கும் முள்ளுக்கு வருகிறேன். 2009. முள்ளிவாய்க்காலில் அத்தனை பேர் சாகும்போது இந்தியா படை அனுப்பவில்லை, ராஜதந்திரம்தான் பேசியது. என்ன பிரயோஜனம்? ராஜதந்திரம் போதும் என்கிறவன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில் முழுசாக இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், அன்று இந்தியா ஒதுங்கி நின்றது என்பதே பொய். இலங்கை ராணுவத்துக்கு ரேடார் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது. துருப்பு அனுப்பாமல் செய்த ராணுவத் தலையீடு அது. போரை நிறுத்தச் சொல்லி அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் டெல்லி அதைச் செய்யவில்லை. அதனால் வீடு, ரயில், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குற்ற உணர்ச்சிக்குக் கொடுத்த காசு இது என்று யாழ்ப்பாணத்தில் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 1987 ஒப்பந்தத்திலிருந்து மிஞ்சிய ஒரே அரசியல் பலன் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தமும் மாகாண சபையும். வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதற்கப்புறம் வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை. டெல்லி கூட்டறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதோடு சரி. கல்லும் சீமெந்தும் கொடுத்துவிட்டு அரசியலைப் பேசாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகிறது.

கடைசியாக நம் பக்கம். மரியாதையை டெல்லியிடம் மட்டும் கேட்டால் போதாது. அந்தக் கிளிநொச்சிப் பயணத்தில் கூட வந்த நண்பர் பருத்தித்துறைக்காரர். "வீடு தந்தீங்கள், சந்தோசம். உங்கட றோலர் (இழுவைப் படகு) வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுதே, அதுக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் எல்லைதாண்டும் மீனவர் கைது, கச்சத்தீவு என்று நமக்குப் பழகிய பதிலைச் சொல்லத் தொடங்கினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பேச்சை மாற்றினார். போர்க்காலத்தில் வருடக்கணக்காகச் சரியாகக் கடலில் இறங்க விடப்படாத ஆட்கள் அந்த வடக்கு மீனவர்கள். இறங்கியபோது கடலடியை நம் விசைப்படகுகள் வாரிக்கொண்டிருந்தன. இலங்கை 2017ல் அப்படிக் கடலடியை வாரும் இழுவைமடி வலையைச் சட்டத்தால் தடை செய்தது. இங்கே விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் அதே வருடம் தொடங்கியது, இன்னும் தவழ்கிறது. நம் மீனவரை அவர்கள் கடற்படை அடிப்பதும் படகை நாட்டுடைமை ஆக்குவதும் கொடுமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த வலையின் சொந்தக்காரனும் தமிழன்தான் என்பதைத் தமிழ்நாட்டு மேடையில் யார் சொல்கிறார்கள்?

2025 மார்ச்சில் ராமேஸ்வரம் பக்கத்து மீனவப் பிரதிநிதிகள் வவுனியாவுக்குப் போய் வடக்கு மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்டார்கள், அவகாசம் கொடுங்கள் என்று இவர்கள் கேட்டார்கள், முடிவு எதுவும் வரவில்லை. அதற்கு அரசியல்வாதிகள் தந்த கவனம், கைது நடந்த மறுநாள் எழுதுகிற ஒரு கடிதத்துக்குத் தருகிற கவனத்தில் பாதிகூட இல்லை. அடுத்த சுற்றை இங்கே, ராமநாதபுரத்திலோ நாகையிலோ, மாநில அரசு முன்னின்று நடத்தட்டும். படகு மாற்றுவதற்கான பணத்தோடு மேசைக்கு வரட்டும். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது, அவர்கள் வந்துபோவதற்கும் சிரமம் இல்லை.